ஆப்பிளும் கருவாட்டு உப்பும்

எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. ராயபுரத்தில் நாங்கள் இருக்கும் ஒன்றரை அறையில் ஓவனுக்கு இடம் ஒதுக்கினால் அக்காவோ நானோ மாடிப்படியில்தான் படுக்க வேண்டும். அதனால் நோயாளிகள் என்ன சாப்பிடலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தரும் பெண், காகிதத்தில் "ஓவனில் நாற்பது நிமிடம்" என்று எழுதியபோது எனக்குச் சுர்ரென்று ஏறியது. எனக்குக் கோபம் வருவதற்கு நேரம் காலம் வேண்டியதில்லை. ஆனால் அன்று வாயைத் திறக்கவில்லை. சற்று முன்புதான் டாக்டர் சொல்லியிருந்தார், அக்காவின் எடை நாற்பது கிலோவுக்குக் கீழே இறங்கினால் அடுத்த கீமோ ஊசியை நிறுத்திவிட வேண்டியிருக்கும் என்று. அன்றைக்கு அவள் நாற்பத்தொன்றரை. அடுத்த ஊசிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது. சினைப்பையில் புற்று. அதற்கு முன் இருபது வருஷம் காசிமேட்டில் கருவாடு விற்றவள். அவள் கூவினால் எதிர்ச்சாரிக் கடைக்காரி தன் கூவலை நிறுத்திக்கொள்வாள், அப்படி ஒரு தொண்டை. மாமா கடலுக்குப் போனவர் திரும்பாத பிறகு அவள் என்னோடு வந்துவிட்டாள். நான் எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிகளை எடை போடும் மேடையில் ரசீது கிழிக்கிறவள். கல்யாணம் ஆகவில்லை, இனி ஆகப்போவதும் இல்லை. அப்பா அம்மா போய் வெகுகாலம் ஆயிற்று. அக்கா போய்விட்டால், கதவைத் திறந்து "வந்துட்டியா" என்று கேட்க எனக்கு ஒரு ஆள் கிடையாது. அந்தப் பன்னிரண்டு நாளும் இந்த ஒரு நினைப்புதான் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு அவளுக்கு எதுவும் இறங்கவில்லை. பால் குடித்தால் வயிற்றால் போனது. முட்டை என்ற வார்த்தையைக் கேட்டாலே குமட்டினாள். கறி வேண்டாம், நெய் வேண்டாம். இருபது வருஷம் மீனோடு புழங்கியவள், பக்கத்து வீட்டில் மீன் பொரித்தால் ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். அதைப் பார்க்கத்தான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. அதற்குத்தான் அந்தப் பெண் இந்த வழியைச் சொன்னாள். பால், முட்டை, வெண்ணெய், சர்க்கரை எதுவும் இல்லாமல் பழத்தை ஓட்ஸோடு சேர்த்துச் சுட்டுக் கொடுங்கள், மென்மையாக இருக்கும், தெம்பும் கிடைக்கும் என்றாள். அதற்கு ஆங்கிலத்தில் ஏதோ பெயர் சொன்னாள். வீட்டுக்கு வருவதற்குள் மறந்துவிட்டேன். எங்களுக்கு அது 'சுட்ட ஆப்பிள்' ஆயிற்று.

ஆப்பிளைத் தோல் சீவி மெல்லிசாக நறுக்கி, பட்டைத்தூள் தூவி, எலுமிச்சை பிழிந்து கிண்ணத்தில் அடுக்க வேண்டும். வெந்நீரில் ஊறிய பேரீச்சம்பழத்தை மசித்து அதன்மேல் பூச வேண்டும். வறுத்த ஓட்ஸ், வேர்க்கடலைப் பொடி, இரண்டு கரண்டி தேங்காய்ப்பால் மூன்றையும் பிசிறி மேலே உதிர்த்துவிட வேண்டும். ஓவனுக்குப் பதில் குக்கர். அடியில் ஒரு விரல் உயரத்துக்குக் கல்லுப்பைப் பரப்பி, கேஸ்கெட்டையும் விசிலையும் கழற்றிவிட்டு, உள்ளே தட்டு வைத்து, அதன்மேல் கிண்ணத்தை வைத்து, சிறு தீயில் விட்டால் போதும். கிறிஸ்துமஸ் கேக்கை இங்கே பாதி வீடுகளில் இப்படித்தான் சுடுகிறார்கள்.

உப்பு டப்பாவில் ஒரு பிடிதான் இருந்தது. கட்டிலுக்கடியில் அப்பாவின் பழைய மீன்வலையோடு அக்காவின் வியாபார உப்பு அரை மூட்டை கிடந்தது. மீனுக்குப் போட்டு மிஞ்சியதைக் காயவைத்து, சலித்து, மறுபடி எடுத்துக்கொள்ள என்று அவள் கட்டி வைத்திருந்த உப்பு. அடியில் சூட்டுக்காகக் கிடக்கப்போகிறது, யார் அதைத் தின்னப்போகிறார்கள் என்று நான்கு கை அள்ளிப் போட்டேன்.

முதல் நாள் மேல்பக்கம் பொன்னிறமாக வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. ஆறவைத்து, சின்னக் கரண்டியோடு அவள் முன்னால் வைத்தேன்.

"ரெண்டு வாய் துன்னுக்கா."

ஒரு வாய் வைத்தாள். மென்றாள். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். இரண்டாவது வாய்க்கு வாந்தி எடுக்க வாளியைக் கேட்டாள்.

மறுநாள் பட்டையைக் குறைத்தேன். அதற்கடுத்த நாள் ஆப்பிளுக்குப் பதில் நேந்திரம்பழம். பிறகு கொய்யா. வேர்க்கடலை கனமோ என்று முந்திரி. வேலைக்கு மதியத்துக்கு மேல் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் காலை முழுக்க அடுப்படியில் நின்றேன். ஒவ்வொரு நாளும் அவள் ஒரு வாய் வைத்தாள், வாந்தி எடுத்தாள். "நல்லாதான் கீது, எனக்குதான் ஒடம்பு ஏத்துக்கல" என்பாள். பழத்தின் மேல் குறை சொன்னேன், பழக்காரனைத் திட்டினேன், அந்தக் காகிதத்தைக் கிழிக்கப் போய் மறுபடி மடித்து வைத்தேன். ஒரு நாள் கரண்டியை அவள் வாயருகே வைத்துக்கொண்டு, "உனக்குப் பொழைக்கணும்னு இருந்தா துன்னுவே" என்று கத்திவிட்டேன். அவள் வாயைத் திறந்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கே வெறுப்பாக இருக்கிறது.

இத்தனை நாளும் நான் அதில் ஒரு துளியைக்கூட நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. அது தவக்காலம். சாம்பல் புதன் அன்று கோயிலில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு, அக்கா எழுந்து நடக்கும்வரை இனிப்பு தொடமாட்டேன் என்று ஆண்டவரிடம் சொல்லியிருந்தேன். டீகூடச் சர்க்கரை இல்லாமல்தான். எங்கள் தெருவில் அப்படித்தான். யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் வீட்டில் ஒருத்தி எதையாவது விட்டுவிடுவாள், அதற்கு ஒறுத்தல் என்று பெயர். ருசி பார்த்தால் ஒறுத்தல் முறிந்துவிடும், அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயம். சமைப்பவள் ருசி பார்க்காமல் ஒரு வாரம் சமைத்தால் என்ன ஆகும் என்ற யோசனையே எனக்கு வரவில்லை.

ஏழாவது நாள் அவள் வாயைக் கொப்பளித்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முதுகெலும்பு நைட்டியின் மேல் வரிசையாகத் தெரிந்தது. ஆண்டவர் மேலேயே கோபம் வந்தது. நானும் விட்டேன், நீரும் ஒன்றும் செய்யவில்லையே என்று மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டே, கிண்ணத்தில் மிச்சமிருந்ததை ஒரு கரண்டி அள்ளி என் வாயில் போட்டேன்.

முதலில் ஆப்பிள் இனித்தது. பேரீச்சம்பழம் இனித்தது. அதற்குப் பின்னாலேயே கருவாடு வந்தது. அடியில் கிடந்த உப்பு சூடேறச் சூடேற அதிலிருந்த வாடை முழுக்க மூடிய குக்கருக்குள் பழத்தில் இறங்கியிருக்கிறது. பிறந்ததிலிருந்து அந்த வாடையில் மூச்சு விடுகிறவள் நான். மூக்குக்குத் தெரியவில்லை, நாக்குக்குத்தான் தெரிந்தது.

"ஏன்கா சொல்லல?" என்று அவளை உலுக்கினேன். "மீன் வாட அடிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?"

"நீ காலைலேர்ந்து அடுப்பாண்டயே நின்னுகினு கீறே. உன்னாண்ட இன்னான்னு சொல்றது?" என்றாள்.

உட்கார்ந்து அழுதேன். பிறகு எழுந்து அந்த மூட்டையை அப்படியே இழுத்துக்கொண்டு போய் மாடிப்படிக்குக் கீழே போட்டேன். குக்கரைப் புளி போட்டுத் தேய்த்தேன். கடையில் புது உப்பு வாங்கி வந்து, அன்று மாலையே மறுபடி சுட்டேன். இம்முறை நான்தான் முதலில் தின்று பார்த்தேன். ஆண்டவர் என்ன நினைத்தாலும் பரவாயில்லை என்று இருந்தது.

அன்று அக்கா நான்கு கரண்டி சாப்பிட்டாள். வாளி கேட்கவில்லை. மறுநாள் காலை மூன்று, மாலை மூன்று. பல்லில் படாமல் கரைகிறது என்றாள். தேங்காய்ப்பாலைக் கொஞ்சம் கூட்டினேன், மேலே வறுத்த எள் தூவினேன். கரண்டி கரண்டியாக மனதில் கணக்கு வைத்துக்கொண்டு, வேலை செய்யும் இடத்தில் லாரி டிரைவர்களிடம்கூடச் சிரித்துப் பேசினேன். இன்னா மேடம், லாட்டரி அடிச்சிச்சா என்று ஒருவர் கேட்டார்.

ஊசி போடும் நாள் காலை அக்கா நைட்டி வேண்டாம், புடவை கட்டிக்கொள்கிறேன் என்றாள். நான் உதவிக்குப் போனேன். "வெளில இரு, எனக்குக் கட்டத் தெரியாதா" என்று விரட்டினாள். பழைய தொண்டை கொஞ்சம் எட்டிப் பார்த்தது. தெம்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, ஒரு டப்பாவில் சுட்ட ஆப்பிளை எடுத்து வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் எடை மெஷின் மேல் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். பிறகு கையை விட்டாள். நாற்பத்தொன்று எண்ணூறு. நர்ஸ் எழுதிக்கொண்டார். டாக்டர் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, என்ன கொடுத்தீங்க?" என்று என்னைக் கேட்டார். நான் ஆப்பிளில் தொடங்கி எள்வரை ஒப்பித்தேன். சிரித்துக்கொண்டே கேட்டார். எடைக்குத் தகுந்தபடி மருந்து கணக்குப் போடச் சொல்லி நர்ஸிடம் காகிதத்தைக் கொடுத்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு எனக்கு வயிறு பசித்தது.

கட்டில் உயரமாக இருந்தது. அக்காவை ஏற்றிவிட இடுப்பில் கை கொடுத்துத் தூக்கினேன். புடவைக்குள் ஏதோ உருண்டு உருண்டு கையில் தட்டியது. கெட்டியாக, குளிர்ச்சியாக.

"இன்னாக்கா இது?"

"கைய எடு."

"இன்னா இதுன்னு கேக்குறேன்."

"கம்முனு இருடி. நர்ஸம்மா வருது."

எனக்குப் புரிந்துவிட்டது. வலையின் அடியில் கட்டும் ஈயக்குண்டுகள். அப்பாவின் வலையிலிருந்து அறுத்துத் துணியில் முடிந்து, உள்பாவாடையோடு சுற்றிக் கட்டியிருந்தாள். வாழ்நாளெல்லாம் லாரிக்காரர்கள் எடையில் செய்யும் தில்லுமுல்லுகளைப் பிடித்தவள் நான். இதைப் பிடிக்கவில்லை.

நர்ஸ் திரைக்கு அந்தப் பக்கம் மருந்துப் பாட்டிலோடு வந்துகொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டால் ஊசி கிடைத்துவிடும். எடைக்குத் தகுந்த மருந்து என்று டாக்டர் சொன்னது காதில் இருந்தது. இல்லாத எடைக்குரிய மருந்து இந்த உடம்புக்குள் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. "சிஸ்டர், எடை தப்பு" என்றேன்.

முடிச்சை அவிழ்த்து மறுபடி ஏற்றினார்கள். முப்பத்தொன்பதரை. டாக்டர் சத்தம் போடவில்லை. அதுவே பயமாக இருந்தது. மருந்து கூடுதலாகப் போயிருந்தால் இவங்க ரத்த அணுக்கள் தாங்கியிருக்காது என்றார். இன்றைக்கு ஊசி இல்லை. ஒரு வாரம் பார்ப்போம், ஏறவில்லை என்றால் மூக்கு வழியே குழாய் போட்டுத்தான் ஊட்ட வேண்டியிருக்கும், அதற்குப் பிறகு ஊசியைப் பற்றி யோசிக்கலாம் என்றார்.

வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். ஈயக்குண்டு முடிச்சு என் மடியில் இருந்தது. எனக்குள் இருந்ததெல்லாம் கொதித்துக்கொண்டு வந்தது.

"சாவறதுக்கு வழி பாத்தியா? நான் இத்தினி நாளு ஆப்பிள அறுத்துகினு நின்னது எதுக்கு?"

அக்கா மெதுவாகச் சொன்னாள். "நீ குடுத்தத துன்னேன்டி. நெஜமா துன்னேன். ஒடம்புல ஒட்டல. பாவாட நாடாவ நாளுக்கு நாளு இன்னும் இறுக்கிகினு இருந்தேன், எனக்குத் தெரியாதா?"

"என்னாண்ட சொல்லியிருக்கலாம்ல."

"நாலு கரண்டி துன்னதுக்கே நீ பாடிகினு பாத்திரம் கழுவுனே. அந்த மெஷின்ல கம்மியா காட்டுனா உன் மூஞ்சி எப்டி ஆவும்னு நெனச்சேன். என்னால பாக்க முடியாதுடி."

அவளைப் பிழைக்க வைக்க நான் அடுப்போடு போராடிக்கொண்டிருந்தபோது, என் முகம் வாடாமல் இருக்க அவள் இடுப்பில் ஈயத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தேன். ஊசி போட்ட பிறகு தரலாம் என்று கொண்டுவந்தது. அவள் கரண்டிக்குக் கையை நீட்டினாள். ஒரு வாய் எடுத்து வைத்துக்கொண்டாள்.

இத்தனை நாளும் அவள் தொண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன், இறங்கியதா இல்லையா என்று. அன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன்.