மேன்ஹோலுக்குள் இறக்கிய விளக்கு

விவசாயத்தை விட்டுவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்த புதிது. எங்கள் ஊரில் கிணறு தூர்வார இறங்குமுன் எரிகிற அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவோம். அணைந்தால் விஷக்காற்று. எரிந்தால் இறங்கலாம்.

ஒருநாள் கேன்டீன் பின்புறம் சாக்கடை அடைத்துக்கொண்டது. நானும் கூட வேலை பார்க்கும் ஏழுமலையும் மேன்ஹோல் மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தோம். ஊரில் செய்வதுபோல நான் ஓர் அரிக்கேன் விளக்கை ஏற்றினேன்.

"இன்னாத்துக்குப்பா வெளக்கு? சட்டுனு எறங்கு" என்றான் ஏழுமலை.

"இருடா, காத்து பாத்துட்டு எறங்கறேன்."

கண்ணாடி உடைந்த விளக்கு அது. இறக்கிவிட்டுக் குனிந்த நொடியில் குழிக்குள்ளிருந்து நீல நெருப்பு குபீரென்று முகத்துக்கு எழும்பியது. மல்லாந்து விழுந்தேன். புருவமும் முன்முடியும் கருகிய நாற்றம்.

சத்தம் கேட்டு ஓடிவந்த பிளம்பர் கத்தினார். "அறிவு கீதா உனக்கு? கெணறும் இதுவும் ஒண்ணா? இதுல பத்திக்கிற வாயு கீது. பத்திக்கலைன்னாலும், உள்ள வெஷவாயு இருந்தாகூட வெளக்கு பாட்டுக்கு எரிஞ்சிகினே இருக்கும், எறங்கினவன் செத்துக் கெடப்பான்!"

இப்போது தீப்பெட்டியைத் தூரத்தில் வைத்துவிட்டுத்தான் மூடியைத் தொடுகிறேன். முன்னும் பின்னும் உள்ள மூடிகளையும் திறந்து வாயு வெளியேற வெகுநேரம் விட்டு, மேலிருந்தே நீள மூங்கிலால் அடைப்பைக் குத்துகிறேன். யாரையும் இறங்க விடுவதில்லை.

புருவம் முளைத்துவிட்டது. அந்த நெருப்பை நினைத்துக்கூட இப்போது பயமில்லை. அன்று அது எழும்பாமல், விளக்கு அமைதியாக எரிந்திருந்தால்? காற்று நல்லதென்று நம்பி இறங்கியிருப்பேன்.