நுரைக்கு ஒரு மகள் பிறந்தாள்

எங்கள் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவரை நுரை என்றுதான் கூப்பிடுவோம். முழங்கை வரை நுரை இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. துணி மடிக்கும் மேஜை என்னுடையது. அதற்கு நேர் எதிரே அவருடைய பெரிய வாஷிங் மிஷின். பதினோரு வருடமாக அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் படுக்கை விரிப்புகளை மடித்திருக்கிறேன். தங்கமான மனுஷன், ஆனால் பிடிவாதம் மட்டும் மலையளவு. கையுறை போடச் சொல்லி மேற்பார்வையாளர் தலையில் அடித்துக்கொள்வார். கையுறை போட்டால் துணி பேசுவது விரலுக்குக் கேட்காது என்று சொல்லி இவர் கழற்றிக் கடாசிவிடுவார். அதனால் விரலிடுக்கெல்லாம் எப்போதும் சிவந்து, தோல் வெடித்து, ஓயாத அரிப்பு. விடுமுறை நாளில் சோப்பைத் தொடாமல் இருந்தால் தணியும். வேலைக்கு வந்ததும் மறுபடி ஆரம்பித்துவிடும்.

கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து அவருக்கு மகள் பிறந்தாள். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மாதம் விடுமுறை போட்டார். சமைத்தால் அடிபிடிக்கும், பாடினால் குழந்தை பயப்படும், அவருக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே வேலை துவைப்பது. ஆகவே குழந்தையின் இடுப்புத்துணிகள் முழுக்க அவர் பொறுப்பு. மனைவி ஒரு துணியை அலம்பப் போனால்கூடக் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வாராம். என் பெண்ணுக்கு ஆஸ்பத்திரிச் சுத்தம் என்று போனில் என்னிடம் பெருமை அடித்துக்கொண்டார்.

பதினைந்தாம் நாள் குழந்தைக்கு இடுப்புக்குக் கீழே சிவக்க ஆரம்பித்தது. எனக்குப் போன் வந்தது. இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள், வைத்தியம் சொல்வதற்கு எனக்கு வாய் வலிக்காது. தேங்காய் எண்ணெயை மெல்லிசாகத் தடவுங்கள் என்றேன். இரண்டு நாள் கழித்து, ஓட்ஸைத் துணியில் கட்டி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து அதில் குளிப்பாட்டுங்கள் என்றேன். அதுவும் போதாமல் தாய்ப்பாலை இரண்டு சொட்டு தொட்டு வையுங்கள் என்றேன். சொன்னதெல்லாம் சொன்னபடி செய்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் கேட்டது. அடுத்த துணி கட்டியதும் சிவப்பு பழையபடி ஏறியது. துணி மாற்றும் போதெல்லாம் குழந்தை வீறிட்டு அழுதாள்.

சுத்தம் போதவில்லை என்று நுரை முடிவு கட்டினார். சலவைத்தூளை இரண்டு மடங்காக்கினார். கிருமிநாசினியும் சேர்த்தார். தோல் பளபளவென்று சிவந்து, ஓரிடத்தில் உரியத் தொடங்கியது. டாக்டரிடம் ஓடினார்கள். சீழ் இல்லை, பூஞ்சை போலவும் தெரியவில்லை, காற்றாட விடுங்கள் என்று ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார் அவர். மூன்று நாளில் இறங்காவிட்டால் குழந்தையை வார்டில் சேர்க்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். பிறந்து ஒரு மாதம் ஆகாத பிள்ளைக்கு வார்டா? வேலை முடிந்ததும் நேராக அவர் வீட்டுக்குப் போனேன்.

மாடியில் இரண்டு அறை. பால்கனிக் கொடியில் வெள்ளை வெளேர் என்று இடுப்புத்துணிகள், ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியில். பார்த்ததும் எனக்குத் தொழில் கர்வம் வந்துவிட்டது, பொய் சொல்வானேன். உள்ளே அவர் மனைவி குழந்தையை மடியில் குப்புறப் போட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நுரை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். கையை நீட்டச் சொன்னேன். மணிக்கட்டு வரை ரணம். பதினோரு வருடத்தில் அவ்வளவு மோசமாகப் பார்த்ததில்லை.

“லீவுல இருந்தா உங்க கை ஆறணுமே?” என்றேன்.

அவர் கைகளை மறுபடி பின்னால் கட்டிக்கொண்டார். நான் கொடியிலிருந்து ஒரு துணியை எடுத்தேன். மடிக்கப் போன கை அப்படியே நின்றது. மொரமொரவென்று இருந்தது துணி. எங்கள் மேஜைக்கு அப்படி ஒன்று வந்தால் சோப்பு போகவில்லை என்று நான் திருப்பி எறிந்துவிடுவேன். ஒரு வாளி நல்ல தண்ணீரில் அதை முக்கிக் கசக்கினேன். தண்ணீர் கலங்கி, மேலே நுரை பொங்கியது.

“எத்தனை தண்ணி அலசுறீங்க?”

“அலசுறது மிஷின்தானேக்கா?” என்றவர், சொல்லி முடித்ததும் குனிந்து வாளியைப் பார்த்தார்.

பதினோரு வருடமும் தூள் போட்டு, கறை தேய்த்து, கதவைச் சாத்தியதோடு அவர் வேலை முடிந்தது. உள்ளே மிஷின் நாலு தண்ணீர் மாற்றி அலசியதை அவர் கை ஒருநாளும் செய்ததில்லை. வீட்டில் ஒரு முக்கு முக்கிப் பிழிந்து காயப்போட்டிருக்கிறார். வேறு சமயமாயிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். பாவம் அந்த எண்ணெயும் ஓட்ஸும், அவற்றின் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆற்றிய இடத்திலேயே நாங்கள் மறுபடி மறுபடி சோப்பைக் கட்டிக்கொண்டிருந்தோம்.

அவர் கொடியிலிருந்த அத்தனை துணியையும் அள்ளி வந்து மனைவி காலடியில் வைத்தார். இனி என் கை இவள் துணியில் படக்கூடாது, நீயே பார்த்துக்கொள் என்றார். 

அவள் பத்து நாளாகக் கண் மூடாதவள். வாயில் வந்ததையெல்லாம் கேட்டிருக்கலாம், நானாயிருந்தால் கேட்டிருப்பேன். அவள் அந்தக் குவியலைக் காலால் அவர் பக்கமே தள்ளினாள்.

“நீங்கதான் துவைக்கணும். தண்ணி தெளியற வரைக்கும் அலசுங்க. அவளுக்கு அப்பா வேற யாரு இருக்கா?”

அன்று நானும் அவரும் வாளி வாளியாக ஊற்றினோம். ஒன்பதாவது தண்ணீர்தான் தெளிந்தது. அப்போதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. பிழிந்த துணியைத் தன் வெடித்த விரல்களில் இறுகச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார். சுருக்கென்றது போலும், எழுந்து போய் இன்னும் ஒரு தண்ணீர் அலசினார். தன் புண்ணில் எரியாத துணியைத்தான் மகளுக்குக் கொடுத்தார். குழந்தையைச் சோப்பில்லாமல் வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, முடிந்தவரை துணி கட்டாமல் காற்றில் கிடத்தினார்கள். டாக்டர் கொடுத்த களிம்பைத் தவிர வேறு எதையும் பூசவில்லை. வைத்தியம் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

மூன்றாம் நாள் டாக்டரிடம் புறப்படுமுன் துணி மாற்ற வேண்டியிருந்தது. நானும் போயிருந்தேன். மனைவி முடிச்சை அவிழ்த்தாள். அந்த நேரத்து அழுகைக்கு நாங்கள் மூன்று பேருமே காத்திருந்தோம், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றோம். உள்ளே இளஞ்சிவப்பாய் ஒரு நிழல் மட்டும் மிச்சம். அவள் புதுத்துணியைக் கட்டினாள். குழந்தை காலை உதைத்து ஒரு கொட்டாவி விட்டாள்.

“அழலை,” என்றார் நுரை. பிறகு அவர்தான் அழுதார்.