முன்சுவருக்கு ஒரு பனிப்படம்

பொன்னமராவதி கடைவீதியில் என் ஸ்டூடியோவின் முன்சுவர் முழுக்க முகங்கள்தான். மாலையும் கழுத்துமாக மணப்பெண்கள், மொட்டையடித்த குழந்தைகள், அறுபதாம் கல்யாணத் தம்பதிகள். எல்லாம் நான் எடுத்தவை. ஒன்றுகூட எனக்காக எடுத்ததில்லை. ஆளே இல்லாத படம் ஒன்று, வெறும் நிலமும் வானமுமாக, அந்தச் சுவரின் நடுவில் பெரிதாகத் தொங்கவேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை.

மகள் நார்வேயின் வடகோடியில் நர்ஸ் வேலைக்குப் போனதும் அந்த ஆசைக்கு வழி பிறந்தது. அங்கே குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியன் உதிப்பதே இல்லை. பிறகு ஒரு நாள் நண்பகலில் மலைக்கு மேல் சற்றே தலைகாட்டிவிட்டு இறங்கிவிடும். அந்த முதல் வெளிச்சம் பனியில் விழுவதை எடுக்கப்போகிறேன் என்று வீட்டில் அறிவித்தேன்.

“ஆளில்லாத போட்டோவ எவன் நின்னு பாப்பான்? ஒனக்குக் கிறுக்குதான் புடிச்சிருக்கு” என்றார் கணவர்.

“நிக்க வைக்கிறேன், பாருங்க.”

எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் இத்தனை வருடத்தில் தாலி கட்டும் நொடியை ஒரு தடவைகூடக் கோட்டை விட்டதில்லை. மாமன்மார் குறுக்கே வந்தால் முழங்கையால் நகர்த்திவிட்டு எடுப்பேன். எனக்கு ஒரு சூரியனா பெரிய காரியம்?

விமான நிலையத்துக்கு வந்த மகள், போனில் சொல்வதையே நேரிலும் சொன்னாள்: “நல்லா இருக்கேம்மா.” மெலிந்திருந்தாள். ஷிப்ட் வேலை, சாப்பாடு சரியில்லை போல என்று நானே காரணம் சொல்லிக்கொண்டு இடம் பார்க்கக் கிளம்பிவிட்டேன். உறைந்த ஏரி, அதன் கரையில் இலையில்லாத ஒற்றை மரம், பின்னால் மலை. போதும். பனியின் வெள்ளை என்னை மிரட்டவில்லை. உச்சிவெயிலில் வெள்ளை வேட்டியோடு வரிசையாக நிற்கும் பங்காளிகளை எடுத்துப் பழகிய கை இது. கேமராவை அதன் போக்கில் விட்டால் வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும்; அதன் பேச்சைக் கேட்காமல் வெளிச்சத்தைக் கூட்டி வைத்துக்கொண்டேன்.

அந்த நாள் வந்தது. மலைமுகட்டில் பொன்னாய் ஒரு கோடு தெரிந்தது.

கெட்டிமேளம் கேட்டதும் நான் என்னையறியாமல் செய்கிற வேலை ஒன்று உண்டு. லென்ஸில் ஹா என்று ஊதி, முந்தானையால் ஒரு துடைப்பு. ஹோமப் புகைக்கும் நம் ஊர்ப் புழுதிக்கும் அது வேண்டியிருக்கிறது. முகூர்த்தம் வந்துவிட்ட பரபரப்பில் அங்கேயும் ஊதினேன்.

“அம்மா, ஊதாதம்மா!”

மகள் கத்துவதற்குள் என் மூச்சு கண்ணாடியிலேயே உறைந்துவிட்டது. சால்வையால் துடைக்கத் துடைக்க வெள்ளையாய் அப்பிக்கொண்டது. வாயில் வந்த கெட்ட வார்த்தைகளை எல்லாம் ஏரியைப் பார்த்துச் சொன்னேன். பையில் இருந்தது மணப்பெண் முகத்துக்கென்று வைத்திருக்கும் லென்ஸ் மட்டும்தான். விரல் மரக்க மரக்க மாட்டினேன். அதில் மலையும் அடங்கவில்லை, ஏரியும் அடங்கவில்லை.

கண்ணில் கேமராவோடு அங்கிட்டும் இங்கிட்டும் திருப்பியபோது மகள் அதற்குள் வந்தாள். குல்லாவைக் கழற்றிவிட்டு, சூரியனுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். கன்னமெல்லாம் கண்ணீர். இத்தனை நாள் போனில் சொன்ன ‘நல்லா இருக்கேன்’ அத்தனையும் பொய் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் கேமராவை இறக்கவில்லை. எடுத்தேன். எடுத்த பிறகுதான் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டேன்.

“ஊருக்கு வந்துரு தாயி.”

“வாரேம்மா” என்றாள், என்னைப் பார்க்காமலே. “இரு, அது போறவரைக்கும் பாத்துக்கிறேன்.”

முன்சுவரின் நடுவில் இப்போது அந்தப் படம்தான். கணவர் சொன்னதற்கு மாறாக எல்லோரும் நிற்கிறார்கள். ஆள் இருப்பதால்தான் நிற்கிறார்கள் என்று அவர் சொல்லிக்கொள்கிறார். வேர்த்து விறுவிறுத்து உள்ளே வருகிறவர்கள், “அந்தப் பொண்ணு எதப் பாத்துங்க அழுவுது?” என்று கேட்கிறார்கள்.

“வெயிலப் பாத்துங்க.”

வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். மகள் இப்போது இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். மத்தியானம் எனக்குச் சாப்பாடு கொண்டுவருவாள். அந்த நேரத்தில் கடைவீதியில் குடையில்லாமல், நிழல் பக்கம் ஒதுங்காமல் நடந்து வருகிற ஒரே ஆள் அவள்தான்.