லேப்டாப்புக்குள் தூங்கிய மோடம்

என் பழைய லேப்டாப்புக்குள்ளேயே சிம் போடும் மோடம் இருக்கிறது. லினக்ஸ் போட்டதிலிருந்து அது எழுந்திருக்கவே இல்லை.

அதனால் தினமும் ஆன்லைன் வகுப்புக்கு, எங்கள் கிடர்பூர் குடியிருப்பில் நான் காக்கிமா (வங்காளத்தில் சித்தி) என்று கூப்பிடும் கீழ்வீட்டு அம்மாவின் வாசற்படியில் உட்கார்ந்து அவர் வைஃபையைப் பிடிப்பேன். கூச்சத்தில் தலை நிமிராது.

இன்று ஒருவழியாக ஒரு கட்டளைக்கு மோடம் விழித்தது. சிக்னல் வந்துவிட்டது! கட்டிலில் உட்கார்ந்தே வகுப்பை முடித்தேன்.

சாயங்காலம் காக்கிமா மூச்சு வாங்க மாடியேறி வந்தார். கையில் மூடிய டம்ளர்.

"ஏன்மா இன்னிக்கு வரல? ஜுரமா? உனக்குப் போட்ட டீயை ரெண்டு தடவை சூடு பண்ணிட்டேன்."

"தூங்கிட்டேன் காக்கிமா. நாளைக்கு வரேன்."

மோடம் வேலை செய்வதை யாரும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். கிடர்பூர்க்காரர்களே, முக்கியமாக நீங்கள்.