சேலைக்கடையிலிருந்து சொதிக்கு

வீட்டு அடுப்பில் சமைத்து ஆர்டருக்குக் கொடுக்கிறவனுக்கு முதல் சோதனை வாணலியில் வராது, போனில்தான் வரும்.

சங்கரன்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் பதினெட்டு வருஷம் சேலை விரித்துக் காட்டியவன் நான். வயதாகிவிட்டது என்று முதலாளி கடையை மூடியதும், வீட்டில் ஏற்கெனவே பார்த்துவந்த வேலையையே தொழிலாக்கிக்கொண்டேன். என் மனைவி செல்விக்கு மேலநீலிதநல்லூரில் ஆபீஸ் உத்தியோகம். காலையில் எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். அதனால் கல்யாணமான புதிதிலிருந்தே அடுப்படி என் பொறுப்பு. எங்கள் வீட்டுப் பலகாரமும் சாப்பாடும் இப்போது நாலு ஊருக்குப் போகிறது. என்னைப் போலக் கரண்டியைக் கையில் பிடித்துவிட்டு அவஸ்தைப்படுகிறவர்களே, கீழே இருப்பதில் ஒன்றாவது உங்களுக்கும் நடந்திருக்கும்.

அக்காட்ட போனைக் குடுங்க

புளியங்குடியிலிருந்து ஓர் அம்மாள் கூப்பிட்டார். மகள் நிச்சயதார்த்தத்துக்கு முந்திரிக்கொத்து வேண்டுமாம். "செஞ்சிரலாம்மா" என்றேன். "சரி, அக்காட்ட போனைக் குடுங்க" என்றார். "நான்தாம்மா செய்யுதேன்." "அது இருக்கட்டும், அக்காட்ட குடுங்க." ஞாயிற்றுக்கிழமை என்பதால் செல்வி வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரைப் போட்டு அவளிடம் நீட்டினேன். பாசிப்பயறை எவ்வளவு சிவக்க வறுப்பீர்கள், கருப்பட்டியா வெல்லமா, மேல்மாவில் மஞ்சள் உண்டா என்று அந்த அம்மாள் ஒரு பரீட்சையே வைத்துவிட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் செல்வி என் முகத்தைப் பார்ப்பாள். நான் கிசுகிசுப்பேன். அவள் கம்பீரமாகப் பதில் சொல்வாள். பாஸாகிவிட்டோம்.

வாங்க வந்த அன்று நான் கடைசி ஈடு போட்டுக்கொண்டிருந்தேன். செல்வி ஆபீஸ் போயிருந்தாள். முழங்கை வரை அரிசிமாவோடு நான் மும்மூன்று உருண்டைகளாகச் சேர்த்து எண்ணெயில் விடுவதை அந்த அம்மாள் அடுப்படி வாசலில் நின்று கண்கொட்டாமல் பார்த்தார். ஒரு கொத்தை ஊதி, உடைத்து, வாயில் போட்டார். எள்ளும் சுக்கும் தேங்காயும் எட்டவேண்டிய இடத்துக்கு எட்டியது முகத்திலேயே தெரிந்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. டப்பாக்களை எடுத்துக்கொண்டு தெருவாசல் வரை போனவர் திரும்பி நின்று சொன்னார்: "அண்ணாச்சி, அக்கா வந்ததும் மறக்காமச் சொல்லிருங்க, அவுக கைப்பக்குவம் அமோகம்னு."

எள்ளுத் துவையலும் ஒரு மனுஷரும்

சென்னையில் வேலை பார்க்கும் ஒரு பெண் போனில் அழுதாள். பனவடலிசத்திரத்தில் அவள் அப்பா தனியாக இருக்கிறார். அம்மா இறந்து ஒரு மாதம் ஆகிறது. யார் எதைக் கொடுத்தாலும் அப்பா வேண்டாம் என்று தள்ளிவிடுகிறார், டீயும் பிஸ்கட்டும்தான் ஓடுகிறது. "அம்மா உளுந்தஞ்சோறு வச்சா மட்டும் அப்பா ரெண்டாந்தடவை கேப்பாங்க" என்றாள். தொலி நீக்காத கறுப்பு உளுந்தை வாசம் வரும்வரை வறுத்து, அரிசியோடு பூண்டு, வெந்தயம், தேங்காய்த்துருவல் போட்டுக் குழைய வேகவைத்தேன். எள்ளை வறுத்துத் துவையல் அரைத்தேன். கேரியரை பைக்கில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பெரியவர் கதவைத் திறந்தார். மகள் அனுப்பினாள் என்றதும், "வச்சிட்டுப் போம், பெறவு பாப்போம்" என்றார். அடுப்படியில் அவர் பார்க்கவேண்டிய 'பெறவு'கள் நாலைந்து தூக்குவாளிகளாக மூடி திறக்காமல் வரிசையாக இருந்தன. வைத்துவிட்டு வர எனக்கு மனசு வரவில்லை. "ஐயா, நானும் காலையில இருந்து சாப்பிடல. இங்கன உக்காந்து சாப்பிட்டுக்கிடட்டுமா?" என்று கேட்டேன். அது பொய் இல்லை. சமைக்கிறவன் எந்தக் காலத்தில் நேரத்துக்குச் சாப்பிட்டிருக்கிறான்?

அடுப்படியிலிருந்து இரண்டு தட்டை எடுத்து இரண்டிலும் சோற்றை வைத்தேன். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் சோற்றை எடுத்து, துவையலை ஊறுகாய் மாதிரித் தொட்டுத் தொட்டுச் சாப்பிட ஆரம்பித்தேன். நாலு வாய் போயிருக்கும். அவர் முகம் மெல்லத் திரும்பியது. என் தட்டையே பார்த்தார். பார்க்கச் சகிக்கவில்லை போலிருக்கிறது. தன் தட்டை இழுத்து மடியருகே வைத்துக்கொண்டார். "என்ன வே, துவையலைப் போயித் தொட்டுக்கிடுதீரு? நல்லெண்ணெய் ஊத்திச் சோத்தோட போட்டுப் பிசையணும். இங்கன பாரும், நான் காட்டுதேன்."

பர்பி கல்லான கதை

ஜெயசீலி டீச்சர் சர்ச்சில் ஞாயிறு வகுப்பு எடுக்கிறவர். பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் விழாவுக்குத் தேங்காய் பர்பி கேட்டிருந்தார். பாகு கம்பிப்பதம் வந்த நேரத்தில் கேஸ்காரர் மணி அடித்தார். சிலிண்டரை வாங்கி வைத்துவிட்டு வந்து, அதற்குள் பாகு முற்றிவிட்டதைக் கவனிக்காமல் தேங்காயைக் கொட்டிக் கிளறினேன். ஆறிய பிறகு கத்தியை இறக்கினால் கத்திதான் வளைகிறது. சுத்தியலால் தட்டினேன், சில்லுச் சில்லாகத் தெறித்தது. வேறு செய்ய நேரமில்லை. நடந்ததை ஒளிக்காமல் டீச்சரிடம் சொன்னேன். "பர்பி மிட்டாயாப் போச்சு டீச்சர். வேண்டாம்னா விட்டுருங்க." அவர் ஒரு சில்லை வாயில் போட்டுப் பார்த்தார். பல்லோடு பல் ஒட்டிக்கொண்டு வாயைத் திறக்க முடியவில்லை. கையைக் காட்டி அத்தனையையும் எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆறு மணிக்குப் போன் வந்தது. "அண்ணாச்சி, இத்தன வருஷத்துல ஒருத்தனும் பேசாம பிரசங்கத்த முழுசாக் கேட்டது இன்னைக்குத்தான். வாரா வாரம் இதே மாதிரித் தப்பாச் செஞ்சு குடுங்க!"

வேன் வரும்வரை

பதினெட்டு வருஷமும் என் முதலாளிக்கு நான் 'ஏலே முத்து'தான். கோபத்திலும் அதேதான், போனஸ் கொடுக்கும்போதும் அதேதான். போன தை மாதம் அவர் கூப்பிட்டார். "ஏலே முத்து, நீ சமைக்கியாமே? எம்மவ கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ள வீட்டாளுகளுக்குச் சொதி விருந்து. அறுபது பேருக்கு வைப்பியாலே?" வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை. சொதி தேங்காய்ப்பால் குழம்பு. மூன்றாம் பாலில் காய் வேகவேண்டும், இரண்டாம் பாலில் கொதிக்கவேண்டும். முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, நுரை கட்டியதும் இறக்கி, எலுமிச்சம்பழம் பிழியவேண்டும். ஒரு கொதி கூடினால் திரிந்துவிடும். மறுபடி சூடு பண்ணவும் முடியாது.

விருந்தன்று செல்வி ஆபீஸுக்கு லீவு போட்டு, என்னோடு முதலாளி வீட்டுக்கு வந்து தேங்காய்ப்பால் எடுத்தாள். முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் வெந்து, பாசிப்பருப்பு கரைந்து, சொதி முதல் பாலுக்காக மட்டும் காத்து நின்றது. மாப்பிள்ளை வீட்டு வேன் வழியில் டயர் வெடித்து நின்றுவிட்டது என்று தகவல் வந்தது. ஒரு மணி நேரம் ஆயிற்று. முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்புக்கு வந்தார். "ஏலே, வந்துக்கிட்டே இருக்காக. பாலை ஊத்தி முடிச்சு வையி." நான் அண்டாவின் முன்னால் நின்றுகொண்டேன். "வேன் தெருவுல திரும்பட்டும் முதலாளி. அப்பத்தான் ஊத்துவேன்." அவர் பேச்சுக்கு நான் மறுபேச்சு பேசியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவர் முறைத்தார். பால் சட்டியை நான் விடவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் அப்படியே போனது.

ஹாரன் சத்தம் கேட்டதும் பாலை ஊற்றினேன். வந்தவர்கள் கைகால் கழுவி இலையில் உட்காரும்போது சொதி நுரையோடு இறங்கியது. எல்லா இலையிலும் இரண்டாம் தடவை கேட்டார்கள், மாப்பிள்ளையின் அம்மா பக்குவம் கேட்டு எழுதிக்கொண்டார். கடைசிப் பந்தியில் முதலாளி உட்கார்ந்தார். தலை நிமிராமல் சாப்பிட்டார். நான் இஞ்சிப் பச்சடியோடு அவர் இலையைத் தாண்டும்போது, பந்தி முழுவதும் கேட்கிற குரலில் கூப்பிட்டார்: "அண்ணாச்சி, இங்கன இன்னும் ரெண்டு கரண்டி சொதி விடுங்க."

ஆக, இந்தத் தொழிலில் இதுவரை நான் சேர்த்தது கொஞ்சம் நல்ல பெயரும் இடுப்பைச் சுற்றி நாலு கிலோவும்தான், இரண்டில் எதையும் குறைத்துக்கொள்கிற உத்தேசம் இப்போதைக்கு இல்லை.