உட்காரச் சொல்லும் அதிகாரி

வீட்டு வரைபடங்களைப் பாதுகாக்கும் அந்த அலுவலகத்தில் அவளை எல்லோரும் ‘பீரோ அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு பீரோக்களின் சாவிக்கொத்தும் அவள் இடுப்பில் தொங்கும். பத்தொன்பது வருட வேலை. எந்தத் தெருவில் எந்த வீட்டின் படம் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

அங்கே மரியாதைக்கு வேறு அர்த்தம் இருந்தது. பழைய அதிகாரி எல்லோரையும் ‘வா, போ’ என்றுதான் பேசுவார். அவளை “ஏய் சாவி!” என்று கத்துவார். யாருக்கும் வருத்தமில்லை, அவர் கத்தும்வரை வேலை பத்திரம். ஒரு நாள் டைப்பிஸ்டிடம், “வாங்க, உட்காருங்க” என்றார். அன்று மாலையே டைப்பிஸ்ட் வேலைநீக்கக் கடிதத்தோடு வெளியே வந்தார். அடுத்து டிரைவர். அதற்கடுத்து வாட்ச்மேன். மூன்று பேருக்கும் அதே நாற்காலி, அதே ‘வாங்க’.

அந்த அதிகாரி ஓய்வு பெற்றதும் புதியவர் வந்தார். முதல் நாளே பீரோ அறைக் கதவை இரண்டு முறை தட்டிவிட்டு வாசலிலேயே நின்றார்.

“உள்ளே வரலாமாம்மா? வேலையா இருந்தா அப்புறம் வர்றேன்.”

அவள் கையிலிருந்த கட்டு நழுவியது.

“நேரம் கிடைக்கும்போது, படங்களை எப்படி அடுக்கியிருக்கீங்கன்னு எனக்குச் சொல்லித் தருவீங்களா? உட்கார்ந்தே பேசலாம்.”

அவளுக்கு அந்த மூன்று பேரும் நினைவுக்கு வந்தார்கள். மகள் கல்லூரியில் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. தையல்காரக் கணவனால் முதுகு வலியோடு ஒரு மணி நேரம்கூடச் சேர்ந்தாற்போல் மெஷினில் உட்கார முடியவில்லை. வீடு ஓடுவதே இந்த வேலையால்தான்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். “என் வேலையைக் கத்துக்கிட்டு என்னை அனுப்பப் பார்க்கறாருங்க.”

கணவன் வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்தான். “கதவைத் தட்டினாரு, அம்மான்னாரு. போலீஸ்ல புகார் குடுத்துடலாமா?”

“உங்களுக்கு எல்லாமே விளையாட்டு!”

அன்றிலிருந்து அவரைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தாள். அவள் பேசும்போது அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். அவள் தேடித் தந்த படத்துக்கு நன்றி சொன்னார். துப்புரவு செய்யும் பெண்ணுக்கும் வணக்கம் வைத்தார். ‘அவ சீட்டையும் கிழிக்கப் போறாரு’ என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, பதினாறு பீரோக்களிலும் ஒட்டியிருந்த லேபிள்களை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டாள். நாலைந்து தட்டுகளை இடம் மாற்றியும் வைத்தாள். இனி அடுக்கு அவள் தலைக்குள் மட்டும்தான் இருக்கும். அவளை எப்படி அனுப்புவார்?

மறுவாரம் கணவனை டாக்டரிடம் காட்ட அரை நாள் விடுப்பு எடுத்தாள். சாவிக்கொத்தை அலுவலகத்தில் கொடுத்துவிட்டுத்தான் போனாள். ஒரு மணிக்குத் திரும்பியபோது கூடத்தில் ஒரு பெரியவர் வியர்வையைத் துடைத்தபடி நின்றிருந்தார். தன் வீட்டுப் படத்தின் நகலுக்காகப் பத்து மணிக்கே வந்தவர். நாலு பேர் தேடியும் கிடைக்கவில்லை.

அதிகாரி அவளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“உட்காருங்கம்மா.”

“நின்னுக்கிட்டே கேட்டுக்கறேன் சார்.”

“அப்போ நானும் நிக்கறேன்,” என்று எழுந்துவிட்டார். “லேபிளெல்லாம் எங்கே? எல்லார் முன்னாடியும் கேக்க வேண்டாம்னுதான் உள்ளே கூப்பிட்டேன்.”

அவளால் அடக்க முடியவில்லை. “என்னை எப்போ அனுப்பப் போறீங்க? இன்னைக்கேவா?”

“எங்கே அனுப்பறது?”

டைப்பிஸ்ட், டிரைவர், வாட்ச்மேன் என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அவர் சிரிக்கவில்லை, குறுக்கே பேசவுமில்லை.

“உங்களை யாரும் அனுப்பலம்மா. வேணும்னா எழுதியே தர்றேன். நீங்க லீவுல இருந்தா வேலை நிக்கக் கூடாதுன்னுதான் கத்துக்கக் கேட்டேன். ஆனா நீங்க செஞ்சது தப்பு. மன்னிப்பை வெளியே நிக்கறவர்கிட்ட கேளுங்க.”

முழுதாக நம்பினாளா என்றால், இல்லை. ‘எழுதித் தரட்டும், பார்க்கலாம்’ என்றுதான் வெளியே வந்தாள். படத்தை ஒரே நிமிடத்தில் எடுத்துவிட்டாள். பத்தொன்பது வருடத்தில் படம் கேட்டு ஜன்னலுக்கு வந்த யாரிடமும் “அடுத்த ஆளு!” என்பதற்கு மேல் அவள் பேசியதில்லை. நாக்கு புரளவே நேரமாயிற்று.

“ஐயா, உங்களைக் காக்க வெச்சது என் தப்புதான். மன்னிச்சிருங்க.”

பெரியவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். முகம் வெளிறியது.

“ஏம்மா, இவ்வளவு மரியாதையாப் பேசறே? என் வீட்டை இடிக்கப் போறாங்களா?”

“ஐயையோ, இல்லைங்கய்யா! படத்தை நீங்களே சரிபாருங்க.”

அவர் மேசைமேல் படத்தை விரித்து, ஒவ்வோர் அறையாக விரல் வைத்துப் பார்க்கத் தொடங்கினார். கூடம், சமையலறை, பின்வாசல். அவசரப்படுத்தாமல், அவர் பார்த்து முடிக்கும்வரை அவள் பக்கத்திலேயே நின்றாள்.