பூட்டிவைத்த அட்டைகள்

லேத் பட்டறையில் வேலை பார்த்த அந்தக் கோல்கீப்பரை எல்லோரும் 'கதவு' என்றுதான் கூப்பிட்டார்கள். பழைய கால்பந்துச் சங்கத்துக்காகப் பதினோரு வருடம் ஆடியவர். சங்கத் தலைவர்கள் பந்தைக் காலால் தொட்டதில்லை. யார் ஆடலாம், யார் ஆடக்கூடாது என்ற அதிகாரத்தை மட்டும் பரம்பரைச் சொத்துபோல வைத்திருந்தார்கள். அதனால் நான்கு ஆலை முதலாளிகள், சங்கத்தைக் கேட்காமலே, சம்பளத்துக்கு ஆட்களை எடுத்துத் தனி லீக் தொடங்கியபோது முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தார். மனைவியின் தம்பியையும் கையோடு கூட்டிப்போனார். இருபத்திரண்டு வயது, இடது ஓரத்தில் பறப்பவன்.

இரண்டு பருவம் மைதானம் நிரம்பி வழிந்தது. பட்டறை ஃபோர்மேனே டிக்கெட்டுக்குக் குழைந்தார். மூன்றாவது பருவத்தில் சங்கம் அறிவித்தது: பத்து நாளுக்குள் தனி லீக் தந்த ஆட்டக்காரர் அட்டையை ஒப்படைத்தால் மன்னிப்பு, இல்லையேல் ஆயுள் தடை.

ஆட்டத்துக்கு முன் அனைவரின் அட்டையையும் கேப்டனான கதவு வாங்கி நடுவரிடம் காட்டுவது வழக்கம். அந்த வாரம் ஆட்டம் முடிந்தும் அவர் அவற்றைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பட்டறை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"என் அட்டையக் குடுங்க மாமா," என்றான் மச்சினன்.

"எதுக்கு? அவங்க கால்ல போய் விழவா?"

"விழுறதா வேணாமான்னு நான்தானே முடிவு பண்ணணும்."

"ஒருத்தன் போனா எல்லாரும் போயிடுவாங்கடா. பத்து நாள் பல்லைக் கடிச்சுக்க."

பதினோராம் நாள் முதலாளிகள் சங்கத்தோடு கைகுலுக்கினார்கள். நால்வருக்கும் அங்கே நாற்காலி கிடைத்தது. லீக் மூடப்பட்டது. தடை ஆட்டக்காரர்களுக்கு மட்டும். லீக்கை நடத்தியவன் நிர்வாகி, அதில் ஓடியவன் குற்றவாளி. இதற்குப் பெயர் விதிமுறையாம்.

கதவுக்கு அதைவிட உறைத்தது வேறொன்று. அடுத்தவன் ஆடலாமா என்று முடிவு செய்யும் சங்கத்தின் அதே வேலையைத்தான் பத்து நாள் அவரும் செய்திருந்தார்.

'தவறு என்னுடையது, அவனை விடுங்கள்' என்று வருடாவருடம் சங்கத்துக்கு எழுதினார். ஆறாவது வருடம் பதில் வந்தது: மன்னிப்புக் கடிதத்தில் அவன் கையெழுத்திட்டால் தடை நீங்கும். மச்சினன் அப்போது பால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். கடிதத்தை ஸ்டியரிங் மேல் வைத்தே படித்தான்.

"எனக்காகப் போடுடா."

"அன்னிக்குன்னா கண்ணை மூடிட்டுப் போட்டிருப்பேன். இப்ப கிளட்ச் மிதிக்கவே முழங்கால் முனகுது." மடித்துத் திருப்பிக் கொடுத்தான். "போட்டுட்டேன்னு அக்காகிட்ட சொல்லிடுங்க மாமா. இனிமேலாவது உங்ககூட முகம் குடுத்துப் பேசட்டும்."

கதவு அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. நடந்ததை அப்படியே மனைவியிடம் சொன்னார். அவள் பாத்திரம் தேய்த்தபடியே கேட்டாள்.

"முழங்கால் வலிக்குதுன்னானே, டாக்டர்கிட்ட காட்டினானான்னு கேட்டீங்களா?"

அவர் கேட்டிருக்கவில்லை.